முதுகு ரோடும் மஞ்சள் கோடும்

பூவம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்புறம் பேச்சு நின்றுபோகும். அந்த நேரத்தில் எதிரே போய் நிற்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது என்று ஓசூர் ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் படுத்த ஐந்து பெண்களுக்கும் தெரியும். இருபது வயதுப் பெண்ணுக்குப் பூவம்மாள் என்று பெயரா என்று சிரித்தவர்கள் உண்டு. இரண்டாம் முறை சிரித்தவர்கள் இல்லை.

காரணமே இல்லாமல் கோபப்படுகிறவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் அவளோடு ஒரே லைனில் நின்று வேலை பார்த்ததில்லை. பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும். காரணம் ஒரு மஞ்சள் கோடு.

அவள் பயிற்சித் தொழிலாளியாக இருந்த தொழிற்சாலையில் மோட்டார் பைக்குகளுக்கு பிரேக் சாமான் செய்தார்கள். போல்ட்டை இறுக்க வேண்டிய அளவுக்கு இறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயிண்ட் பேனாவால் மஞ்சளாக ஒரு கோடு இழுக்க வேண்டும். பிற்பாடு போல்ட் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு நேராக இருந்தால் போல்ட் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். அருமையான ஏற்பாடு. ஆனந்த் என்கிற மகானுபாவன் லைன் லீடராக வந்து சேரும்வரை ஒழுங்காகத்தான் நடந்தது.

மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. ஆனந்த் அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். இறுக்குகிறவளே கோடு போட வேண்டியதில்லை. கோடு போடுவதற்கென்று தனியாக ஒரு ஆள். அந்த ஆள் வரிசையாக இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். இறுக்குகிறவள் பின்தங்கிவிட்டால் என்ன ஆகும்? கோடு போட்ட பிறகு இறுக்கினால் கோடு உடைந்துவிடும், துடைத்துத் திரும்பப் போட வேண்டும், அதற்கு நேரம் ஏது? அதனால் அந்தப் பீஸை அப்படியே விட்டுவிடுவார்கள். விரலால் திருகிய போல்ட், பளிச்சென்று மஞ்சள் கோட்டோடு பெட்டிக்குள் போய்விடும்.

பூவம்மாள் மட்டும் தன் பீஸுக்குத் தானே கோடு போடுவேன் என்று அடம்பிடித்தாள்.

"ஏம்மா, நீ என்ன கலெக்டர் கையெழுத்தா போடுற? ஒரு கோட்டுக்கு இவ்வளவு நேரமா?" என்பான் ஆனந்த்.

"இறுக்காத போல்ட்டுல கோடு போட்டா அது பொய்ங்க சார்."

"பொய்யா இருந்தா ரிஜெக்ட் வந்திருக்கணும்ல? வந்துச்சா?"

வரவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. எங்கேயோ, யாரோ ஒருவர், பின்னால் பெண்டாட்டி பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு அந்த பிரேக்கை நம்பிப் போய்க்கொண்டிருப்பார். அதை நினைக்கும்போதெல்லாம் அவள் காது சிவந்தது. நினைக்காத நாளே இல்லை என்பதால் காது எப்போதும் சிவந்தேதான் இருந்தது.

அவளுடைய சொந்த ஊர் ஜோடிகுட்டை. ராயக்கோட்டையிலிருந்து மேற்கே மலை ஏறினால், உச்சியின் மேலேயே ஒரு மண் ரோடு ஓடும். ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் தக்காளித் தோட்டங்கள், மறுபக்கம் கண்ணுக்கு எட்டுகிறவரை கர்நாடகத்து மலைகள். கிழட்டு மாட்டின் முதுகெலும்பு மாதிரி மேடும் பள்ளமுமாகக் கிடப்பதால் அதற்கு முதுகு ரோடு என்று பெயர். ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு லோடு ஜல்லி வந்து கொட்டும். தார் மட்டும் வராது. அடுத்த மழைக்கு ஜல்லியும் சரிவில் இறங்கிப் போய்விடும்.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் இரண்டு வருடம் அந்த ரோட்டில்தான் அவள் பள்ளிக்கூடம் போய்வந்தாள். காலையில் ஒன்பது கிலோமீட்டர் இறக்கம், சாயங்காலம் ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். கியர் கிடையாது, பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். முதல் மாதமே ஒருநாள் ஆனைக்கல் வளைவில் ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாகப் போக, முகம் குப்புற விழுந்தாள். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கொடுத்த சைக்கிள், யாரும் நட்டை முடுக்கியிருக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் ஏறுவதற்கு முன்னால் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிப் பிடித்து, ஹேண்டிலை இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்ப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உடைந்த பல் சொல்லிக்கொடுத்தது.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் மார்ச் மாதம். தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம். பிளாண்ட் மேனேஜர் கௌதம் பெங்களூரிலிருந்து காரில் வந்துபோகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தடித்த டயர் வைத்த கியர் சைக்கிளில் மலை ஏறுகிறவர். இந்தத் தடவை கோலப்போட்டி, பேச்சுப்போட்டியெல்லாம் வேண்டாம், முதுகு ரோட்டில் முப்பது கிலோமீட்டர் சைக்கிள் பயணம் போவோம், அதிகாரிகள் ஆறு பேர், பயிற்சிப் பெண்கள் இரண்டு பேர் என்று முடிவு செய்தார். பெண்கள் இல்லாவிட்டால் போட்டோ எடுபடாது. பூவம்மாளுக்கு ரோடு தெரியும் என்று அவளைச் சேர்த்தார்கள். இரண்டாவதாக ஸ்வாதியைக் கேட்டார்கள்.

ஸ்வாதி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது. பூவம்மாளுக்குப் பக்கத்துக் கட்டில். மட்ட நிலத்தில் சைக்கிள் விட்டவள், மலையைப் பார்த்தாலே பயம்.

"நான் வரலக்கா. உருண்டு விழுந்தா எங்க அம்மைக்கு யாரு பதில் சொல்லுதது?"

"நான் உன் பின்னாலயே வரேன். எதுவும் ஆகாது. வா," என்றாள் பூவம்மாள். அந்த வார்த்தையை நம்பித்தான் ஸ்வாதி வந்தாள்.

சைக்கிள்கள் எட்டும் அட்டைப்பெட்டியில் வந்தன. ஹேண்டில், பெடல், முன்சக்கரம் எல்லாவற்றையும் நாம்தான் மாட்ட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வேலை அசெம்பிளி லைனிடம் வந்தது. ஹேண்டில் போல்ட்டுக்குச் சரியான அளவில் ஆலன் கீ என்கிற முடுக்குச் சாவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது பூவம்மாள் கையில். அவள் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வந்தாள். ஆனந்த் பழக்க தோஷத்தில் மஞ்சள் பேனாவை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே எட்டுக்கும் கோடு போட்டுவிட்டான். இறுக்கும்போது உடைந்த கோட்டை அவள் துடைத்துத் திரும்பப் போட்டாள். ஐந்து முடிந்தபோது ஹாஸ்டல் பஸ் ஹாரன் அடித்தது.

"நீ கிளம்பு. மீதி மூணையும் நான் பாத்துக்கிறேன்," என்றான் ஆனந்த். அவளும் ஆலன் கீயைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ராயக்கோட்டை அடிவாரத்தில் எட்டுப் பேரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் தண்ணீர் கேனோடு தொழிற்சாலை டிரைவர் ஆஞ்சப்பனின் டெம்போ. போட்டோ எடுத்து முடித்து ஏறத் தொடங்கினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஏற்றத்தில் பூவம்மாளுக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருபத்தொரு கியர் வைத்த சைக்கிள் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூட நாட்களில் மூச்சு வாங்கத் தள்ளிய அதே மேட்டில், கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் பெடல் லேசாகிவிட்டது. வழுக்குகிற சரளையில் உட்கார்ந்தபடியே மிதித்தாள். மழை அறுத்த ஓடையை டயர் தானே ஏறி இறங்கியது. அதிகாரிகள் நாலு பேர் முதல் மேட்டிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். அவர்களைத் தாண்டும்போது மணி அடிக்க ஆசைப்பட்டாள், அந்த சைக்கிளில் மணி இல்லை.

உச்சிக்கு வந்ததும் காற்று ஆளைத் தள்ளியது. முழங்கால்வரை செம்மண் தூசி. உண்ணிப்பூப் புதர்களுக்கு நடுவே வழியில் யானைச் சாணம் கிடந்தது, காய்ந்துபோனது, பயமில்லை. கீழே ராயக்கோட்டைக் கோட்டைப் பாறை சின்னதாகத் தெரிந்தது. ஸ்வாதி முகமெல்லாம் வேர்வையாக வந்து நின்று, "யக்கா, இம்புட்டு உசரமா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஹாஸ்டலில் யாரும் பார்த்ததில்லை.

முதுகு ரோட்டின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி, ஜோடிகுட்டை தாண்டி இறக்கம் தொடங்குகிற இடத்தில் தண்ணீர் குடிக்க நின்றார்கள். அங்கேதான் ஸ்வாதி சொன்னாள்.

"யக்கா, ஹேண்டில் லேசா ஆடுத மாதிரி இருக்கு. கொஞ்சம் பாரேன்."

பூவம்மாள் தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள். போல்ட்டின் மேல் மஞ்சள் கோடு, தூசி படிந்து, வளையாமல் உடையாமல் இருந்தது.

"கோடு சரியாத்தான் இருக்குது. கல்லு ரோடு, அப்படித்தான் ஆடும். போ."

இரண்டு வருடம் தினமும் முழங்காலில் இடுக்கி முறுக்கிப் பார்த்தவள். அந்தக் கோடு பொய் என்று அந்தத் தொழிற்சாலையிலேயே அதிகமாகக் கத்தியவள். அவளே கோட்டைப் பார்த்துவிட்டுப் போ என்று சொன்னாள். தினமும் ஆயிரம் கோடு பார்த்துப் பார்த்து அவள் கண்ணும் அந்த லைனுக்குப் பழகிப்போயிருந்தது. வேறென்ன சொல்வது?

ஆனைக்கல் வளைவு வந்தது. வலது பக்கம் சரிவு. ஸ்வாதி முன்னால் மெதுவாகத்தான் போனாள், இரண்டு பிரேக்கையும் தொட்டுத் தொட்டு, பூவம்மாள் சொல்லிக்கொடுத்தபடியே. வளைவில் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினாள். ஹேண்டில் திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை. அது நேராகப் போய் விளிம்பைத் தாண்டியது.

பத்தடிக்குக் கீழே ஒரு புளியமரத்தடியில் அவளைத் தூக்கினார்கள். இடது காறை எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. ஆஞ்சப்பன் "தேவுடா, தேவுடா" என்று புலம்பிக்கொண்டே டெம்போவை ஓட்டினார். பின்னால் ஸ்வாதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பூவம்மாள் உட்கார்ந்திருந்தாள். காது நெருப்பாக எரிந்தது. இந்தத் தடவை கோபம் ஆனந்த் மேல் மட்டும் இல்லை. சொல்லப்போனால் ஆனந்தை அவள் அப்போது நினைக்கவே இல்லை. சைக்கிள் டெம்போவிலேயே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை கௌதம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆனந்தும் நின்றிருந்தான். சுவரில் சாய்த்து அந்த சைக்கிள். மேஜையில் டைப் அடித்த ஒரு காகிதம். பயிற்சித் தொழிலாளி ஸ்வாதி அறிவுரையை மீறி வேகமாக இறங்கி, முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்ததால் விழுந்தார், உடல் தகுதி கருதி அவர் பயிற்சியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று அதில் எழுதியிருந்தது. பின்னால் வந்தவள் என்ற முறையில் பூவம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

விடுவிக்கப்படுகிறார். அதாவது, ஒடிந்த கையோடும் கெட்ட பெயரோடும் ஊருக்குப் போய், அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸில் உட்காரப் போகிறாள். குச்சி அடுக்கவும் இரண்டு கை வேண்டுமே! ஹாஸ்டலில் கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவள் பூவம்மாளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் வேகமா போனேனாக்கா? நீதான பின்னால வந்த?"

"அவ வேகமா போகல சார். ஹேண்டில் லூசு," என்றாள் பூவம்மாள்.

"எல்லாம் செக் பண்ணிட்டோம்மா," என்றார் கௌதம். "போல்ட் டைட்டா இருக்கு. கோடு உடையல. நீங்களே பாருங்க."

பூவம்மாள் குனிந்து பார்த்தாள். ஹேண்டில் கல் மாதிரி இருந்தது. சைக்கிள் முழுவதும், கம்பி, கேபிள், போல்ட் தலை எல்லாம், முதுகு ரோட்டின் செம்மண் அப்பியிருந்தது. மஞ்சள் கோட்டில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

நகத்தால் கோட்டின் ஓரத்தைச் சுரண்டினாள். நல்ல இரும்பில் போட்ட கோடு அவ்வளவு சுலபத்தில் வராது. இது தோலாக உரிந்து வந்தது. அதன் அடிப்பக்கம் சிவப்பாக இருந்தது. தூசி மேல் போட்ட கோடு. மலையிலிருந்து வந்த பிறகு இறுக்கி, உடைந்த கோட்டைத் துடைத்து, அவசரத்தில் சுற்றியிருந்த தூசியை மறந்து, புதிதாகப் போட்ட கோடு.

அவள் அதை விரல் நுனியில் ஒட்டிக் கௌதம் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆனந்த் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டச்சப் பண்ணியிருப்பாங்க," என்றார் கௌதம். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இத வச்சு எதுவும் நிரூபிக்க முடியாது பூவம்மாள். உங்க டிரெயினிங் இந்த மாசக் கடைசியில முடியுது. பெர்மனென்ட் லிஸ்ட் என் கையிலதான் இருக்கு. யோசிச்சுக்கோங்க."

அவள் யோசிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு லைனுக்குப் போனாள். லாரிக்குத் தயாராக ஒட்டி வைத்திருந்த பெட்டிகளில் ஒன்றை, யார் தடுத்தும் கேட்காமல், இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து மேனேஜர் மேஜை மேல் தொம்மென்று வைத்தாள். டேப்பைக் கிழித்தாள். முதல் பீஸை எடுத்தாள். மஞ்சள் கோடு நேராக இருந்தது. போல்ட்டை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தாள், அசையவில்லை. ஓரமாக வைத்தாள். இரண்டாவது, அசையவில்லை. மூன்றாவதில் போல்ட் சுற்றியது. ஸ்பேனர் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் இரண்டு விரல். கழற்றி, மேஜையில் அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள். ஆறாவது சுற்றியது. ஏழாவது சுற்றியது. மூன்று போல்ட் காகிதத்தின் மேல் உருண்டன.

"இது மோட்டார் பைக்குக்குப் போற பிரேக்கு சார்," என்றாள். "இதயும் வேகமா போனாங்கன்னு எழுதிக்குவீங்களா? மூணு பேரு விழுந்தா மூணு காகிதம் டைப் அடிப்பீங்களா?"

அவள் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

"இன்னொன்னு எழுதிக்கோங்க. அவ என்கிட்ட கேட்டா. ஹேண்டில் ஆடுதுக்கான்னு கேட்டா. நான் கோட்டப் பாத்துட்டுப் போன்னு சொன்னேன். கையால தொட்டுப் பாக்கல. இவுரு பண்ணது ஒரு தப்பு, நான் பண்ணது ஒரு தப்பு. அவ மேல ஒண்ணும் இல்ல. அப்படி எழுதினா எத்தன கையெழுத்து வேணும்னாலும் போடறேன்."

கௌதம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, போல்ட்டுகளைத் தள்ளிவிட்டு, காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். மனசு மாறி என்று நினைக்க வேண்டாம். இந்தப் பெட்டி விஷயம் வெளியே போனால் முதலில் போவது அவர் தலைதான் என்று அவருக்குக் கணக்குத் தெரியும்.

லைன் இரண்டு நாள் நின்றது. இருந்த பெட்டிகளையெல்லாம் பிரித்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார்கள். ஸ்வாதியைக் கட்டுப் பிரித்ததும் ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள், அடுத்த வருடம் பெர்மனென்ட் ஆனாள். ஆனந்த் வேறு ஷிஃப்டுக்குப் போய் ஆறு மாதத்தில் மறுபடி லீடராகத் திரும்பி வந்தான். மார்ச் முப்பத்தோராம் தேதி பூவம்மாள் கையில் ஒரு கடிதம் வந்தது. பயிற்சிக் காலத்தில் அவரது வேலைத் திறன் திருப்திகரமாக இல்லை. அதைப் படித்தபோது அவளுக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் அவள் ஆற விடவில்லை, விடவும் கூடாது.

ராயக்கோட்டையில் தக்காளி மண்டிக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை எடுத்து, சைக்கிளும் மொபெட்டும் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தாள். பெண் மெக்கானிக்கா என்று சிரித்தவர்கள் அங்கேயும் இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. வேலையைச் சீக்கிரம் முடி என்று அவசரப்படுத்துகிறவர்களிடம், "அப்போ வேற கடைக்குப் போங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவள் கடையில் ஒரு மஞ்சள் பேனா கிடையாது.

அடுத்த தை மாதம், லீவு நாளில், ஸ்வாதி பஸ் ஏறி வந்தாள். காறை எலும்பு சேர்ந்த இடத்தில் ஒரு புடைப்பு தெரிந்தது. டீ குடித்து முடித்ததும் சொன்னாள்.

"யக்கா, அந்த ரோட்டுல இன்னொருக்கா போகணும். விழுந்தது விழுந்ததாவே இருக்கு, மனசுல."

பூவம்மாளிடம் யாரோ பெங்களூர்க்காரர் விற்றுவிட்டுப் போன பழைய கியர் சைக்கிள்கள் இரண்டு இருந்தன. டெம்போவில் போட்டு உச்சிவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே காற்று, அதே செம்மண். ஆனைக்கல் வளைவுக்கு மேலே இறங்கி நின்றார்கள். பூவம்மாள் சைக்கிளை நீட்டினாள்.

"ராத்திரியே எல்லாத்தயும் முடுக்கிட்டேன். காலைல இன்னொரு தடவ பாத்தேன். கல்லு மாதிரி இருக்குது. ஏறு."

ஸ்வாதி ஏறவில்லை. பூவம்மாள் முகத்தைப் பார்க்காமல், முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். சரியாக மடங்காத இடது மணிக்கட்டோடு ஹேண்டிலைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கிப் பார்த்தாள்.

பூவம்மாளுக்குக் காது சிவந்தது. கண்ணும் கலங்கியது. என் வார்த்தையை நம்பவில்லையா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்கவும் என்ன இருக்கிறது? எதிரே போய் நின்று சைக்கிளின் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இது பத்தாது. இன்னும் பலமா முறுக்கு," என்றாள்.